வலி மாத்திரையும் ஏ.ஆர்.டி. மாத்திரையும்: நீண்டகால வலிக்கு அபின்வகை மருந்துகள் எப்போது, எவ்வாறு?

“மாத்திரையை ஒழுங்காக உட்கொள்கிறேன். வைரஸ் அடங்கிவிட்டது என்று இரத்தச் சோதனை சொல்கிறது. ஆனாலும் இரவானால் பாதம் எரிகிறதே, ஏன்?” எச்.ஐ.வி.யுடன் பல்லாண்டு வாழ்ந்துவருவோரிடமிருந்து அடிக்கடி எழும் கேள்வி இது. விடை கிடைக்காதபோது சிலர் மருந்துக்கடையில் தாமே வலி மாத்திரை வாங்கத் தொடங்குகின்றனர். வேறு சிலர் அயலூர் மருத்துவரிடம் எச்.ஐ.வி.யை மறைத்து ஊசி போட்டுக்கொள்கின்றனர். இன்னும் சிலர், வலுவான மருந்து போதைக்கு அடிமையாக்கிவிடும் என்று அஞ்சி, உறக்கமின்றி வலியைத் தாங்குகின்றனர். இம்மூன்று வழிகளும் இடர் நிறைந்தவை. பாதுகாப்பான வழியொன்று உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வலி ஏன் நீடிக்கிறது?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. மருந்துகள் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கின. அதன் பயனாக எச்.ஐ.வி. இன்று சர்க்கரை நோயைப் போல நெடுங்காலம் உடன்வாழும் நோயாகிவிட்டது. ஆயுள் நீண்டமையால் நாட்பட்ட வலிகளும் கவனத்துக்குரியவை ஆயின.

எச்.ஐ.வி. கிருமியே நரம்பு நுனிகளைச் சிதைக்க வல்லது. தொடக்க ஆண்டுகளில் பெரிதும் வழங்கப்பட்ட ஸ்டாவுடின் என்னும் மருந்தும் நரம்புகளைப் பாதித்தது. அது பின்னர் கைவிடப்பட்டாலும், அன்று உண்டான எரிச்சலும் மரத்துப்போதலும் சிலருக்கு இன்றும் தொடர்கின்றன. காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியாசிட், சர்க்கரை நோய், மது, அக்கி வந்து ஆறிய இடத்து நரம்பு வலி, இடுப்பு மூட்டுத் தேய்வு எனக் காரணங்கள் வேறு பலவும் உண்டு. ஆகவே, மருத்துவர் முதலில் காரணத்தைத் தேடுவார். ஐசோனியாசிட் உட்கொள்பவருக்கு வைட்டமின் பி6 சேர்ப்பதும், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் நரம்பு மேலும் கெடாமல் காக்கும்.

அபின்வகை மருந்துகளின் இடம்

மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால் ஆகியன அபின்வகை வலிநீக்கிகள். புற்றுநோய் வலிக்கும், அறுவைக்குப் பின்வரும் கடும் வலிக்கும் இவை பெருந்துணை புரிவன. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் ஏனைய வலிகளுக்கு இவற்றின் பயன் அவ்வளவு உறுதியானதன்று. முதுகு, இடுப்பு, முழங்கால் வலி கொண்ட 240 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பெற்று 2018-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் அபின்வகை மருந்து பெற்றவர்கள் பிற வலி மருந்து பெற்றவர்களைவிடச் சிறப்பாக நடமாடவில்லை, பக்கவிளைவுகளோ மிகுந்திருந்தன.

எச்.ஐ.வி. உள்ளோரின் நாட்பட்ட வலிக்கென 2017-இல் அமெரிக்க மருத்துவ வல்லுநர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலும், அபின்வகை மருந்தை முதல் மருந்தாகத் தொடங்க வேண்டாம் என்கிறது. நரம்பு வலிக்குக் கபாபென்டின் போன்ற மருந்துகளையும், உடலியக்கப் பயிற்சி, யோகா, மனநல ஆலோசனை ஆகியவற்றையும் அது முன்வைக்கிறது. இவற்றால் போதிய பயன் கிட்டாதபோது, குறைந்த அளவில், குறித்த காலத்துக்கு, மருத்துவரின் தொடர் கண்காணிப்பில் அபின்வகை மருந்தைத் தொடங்கலாம். அது பயன் தருகிறதா என்பதை வலியின் அளவு மட்டும் காட்டாது. தாங்கள் உறங்குகிறீர்களா, கடைத்தெரு வரை நடக்கிறீர்களா, வேலைக்குத் திரும்பினீர்களா என்பவையே உண்மையான அளவுகோல்கள்.

சட்டம் குறித்த அச்சம்

“இம்மருந்தை வீட்டில் வைத்திருந்தால் காவல்துறை பிடிக்குமா?” என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. இந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் மருத்துவமனைகளே மார்ஃபின் வாங்கத் தயங்கின. 1997-இல் நாடு முழுவதும் பயன்பட்ட மார்ஃபின் ஏறத்தாழ 18 கிலோகிராம் மட்டுமே. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதாக்கப்பட்டது. 2018 முதல் டிரமடாலும் இச்சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. மருத்துவர் எழுதிய சீட்டின்பேரில் நோயாளி தமக்கென இம்மருந்துகளை வைத்திருப்பது குற்றமன்று. சீட்டை மருந்துடனேயே வைத்திருங்கள். பிறருக்கு ஒரு மாத்திரையும் கொடாதீர்கள்.

ஒன்றோடொன்று மோதும் மருந்துகள்

எச்.ஐ.வி.யை மறைத்து வலிக்கு மருந்து பெறுவதன் பேரிடர் இங்கேதான் உள்ளது.

• இன்று பெரும்பாலோர் உட்கொள்ளும் ஏ.ஆர்.டி. மாத்திரையில் டோலுடெக்ராவிர் உள்ளது. நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் தரப்படும் கார்பமசெபைன் இதன் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். வலி தணியும்; ஆனால் அடங்கியிருந்த வைரஸ் மீண்டும் தலைதூக்கக்கூடும்.

• வலி மாத்திரையால் வரும் வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அமிலநீக்கி மருந்தும் டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதைத் தடுக்கும். அமிலநீக்கிக்கு 2 மணி நேரம் முன்னதாகவோ 6 மணி நேரம் கழித்தோ ஏ.ஆர்.டி. மாத்திரையை உட்கொள்க.

• காசநோய்க்கான ரிஃபாம்பிசின், மார்ஃபினின் வலிநீக்கும் ஆற்றலைக் குறைக்கும். டோலுடெக்ராவிரின் அளவையும் மாற்றியமைக்க நேரும்.

• இரண்டாம் நிலை ஏ.ஆர்.டி.யில் சேரும் ரிட்டோனாவிர், ஃபென்டனில் மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்தி மூச்சை மந்தமாக்கக்கூடும்.

• டிரமடாலுடன் அமிட்ரிப்டிலின் சேரும்போது வலிப்பு வரும் வாய்ப்பு மிகும்.

வீட்டில் கவனிப்போருக்கு

அபின்வகை மருந்து தொடங்கிய நாளிலிருந்தே மலச்சிக்கலை எதிர்பார்க்க வேண்டும். மலமிளக்கியை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் இம்மருந்துடன் சேரவே கூடாது. தலைசுற்றலும் மயக்கமும் நீங்கும்வரை வண்டி ஓட்டுவதையும் படகில் கடலுக்குச் செல்வதையும் தவிர்க்க வேண்டும். நோயாளியை எழுப்ப இயலாத உறக்கம், மூச்சு மிக மெதுவாதல், உதடு நீலம்பாய்தல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் 108-ஐ அழையுங்கள்.

சில வாரங்கள் உட்கொண்ட பின் மருந்தைத் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். உடல் மருந்துக்குப் பழகியதன் அடையாளம் அது. அதனை மட்டும் கொண்டு ஒருவரைப் போதைக்கு அடிமை என்று முடிவுகட்டலாகாது. தீங்கு நேர்வது தெரிந்தும் மருந்தை நாடி அலைதல், அளவைத் தாமே கூட்டுதல், மாதச் சீட்டு முன்னதாகவே தீர்ந்துபோதல் ஆகியவை வேறு வகை. அவற்றைக் கண்டால் நோயாளியைக் கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். மருந்தைப் படிப்படியாகக் குறைக்க வழி உண்டு.

பாதம் மரத்துப்போனவர்கள் நம் கடற்கரையின் சுடுமணலிலும் உப்பளங்களிலும் செருப்பின்றி நடத்தல் ஆகாது. சூடு தெரியாமலே கொப்புளம் எழும். நாள்தோறும் இரவில் இரு பாதங்களையும் விளக்கொளியில் பார்த்துவிடுங்கள்.

மருந்தும் வேண்டுதலும்

2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கு இரையாயினர். நோயை மறைப்பதும் மருத்துவத்தை விலக்குவதும் எத்துணைக் கொடிய முடிவைத் தரும் என்பதை இவ்வூர் அறியும். பின்னாளில் அரசு இங்கே ‘தவா–துவா’ திட்டத்தின்கீழ், தர்காவுக்கு வேண்டுதலோடு வருவோருக்கு மனநல மருத்துவமும் கிடைக்கச் செய்தது. வலியோடு வாழ்வோருக்கும் அதுவே பொருந்தும். வேண்டுதலுக்காக ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு நாளும் நிறுத்த வேண்டியதில்லை.

எச்.ஐ.வி. நிலையைச் சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்னும் கவலை நியாயமானதே. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தங்கள் இசைவின்றி இச்செய்தியை வெளியிடுவதையும், சிகிச்சை மறுப்பதையும் தடைசெய்கிறது. ஐயம் இருப்பின் 1097 என்னும் இலவச உதவி எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம்.

அடுத்த முறை வரும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும், கடையில் தாமே வாங்கியவை, நாட்டு மருந்து, சத்து மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மருத்துவர் அனைத்தையும் ஒருசேரப் பார்க்கட்டும். வலி குறையவும் வைரஸ் அடங்கியே இருக்கவும் அதுவே முதற்படி.