கார்ல பம்பர் கார்டு மாட்டியிருக்கீங்களா? கம்ப்யூட்டர் போட்ட கணக்கு கெட்டுப்போகும்!

புதுசா கார் வாங்கினதும் பலர் செய்யும் முதல் வேலை, ஆக்சஸரீஸ் கடைக்குப் போய் முன்பக்கம் ஒரு ஸ்டீல் பம்பர் கார்டு மாட்டுவது. 'இடிச்சாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது' என்று ஒரு நிம்மதி. வண்டிக்கு ஆகாது, சரி. உள்ளே இருக்கும் உங்களுக்கு?

மணிக்கு 64 கி.மீ வேகத்தில் சுவரில் மோதுவதும், 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது கிட்டத்தட்ட ஐந்தாவது மாடியிலிருந்து விழுவதும் ஒண்ணுதான். முன்பக்கம் 60 செ.மீ நசுங்கி கார் நின்றால், சீட் பெல்ட் போட்டிருக்கும் உங்கள்மேல் சராசரியாக உங்கள் எடையைப்போல 27 மடங்கு விசை விழும். 20 செ.மீ-லேயே நின்றால், 80 மடங்கு! ஆக, கார் நசுங்குவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

எந்த இடம், எந்த வரிசையில், எவ்வளவு நசுங்கணும் என்பதை முதலில் பார்ப்பது கம்ப்யூட்டரில்தான். காரைப் பல லட்சம் குட்டிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் என்ன உலோகம், எவ்வளவு தடிமன், எவ்வளவு இழுத்தால் கிழியும் என்று சொல்லிவைப்பார்கள். அப்புறம் ஒரு மோதல். நிஜத்தில் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிகிற அந்தச் சம்பவத்தை, கம்ப்யூட்டர் லட்சம் துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் கணக்கு போடும். தாங்கும் எல்லையைத் தாண்டிய கட்டத்தை அப்படியே அழித்துவிடும். அந்த ஓட்டைதான் விரிசல்.

இந்த வித்தை கார்களுக்காகப் பிறந்ததில்லை. 1976-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில், குண்டு தரையில் மோதினால் என்ன ஆகும் என்று பார்க்க ஜான் ஹால்க்விஸ்ட் எழுதிய 'டைனா 3டி' புரோகிராமின் வாரிசுகள்தான் இன்று கார் கம்பெனிகளில் ஓடுகின்றன. (குண்டு போட்ட கணக்கு, குடும்பத்தைக் காப்பாற்றுது பாருங்க!)

ஆனால், கம்ப்யூட்டரும் தடுமாறும். நசுங்குவதை ஓரளவு சரியாகச் சொல்லிவிடும். உடைவதைச் சொல்வதுதான் கஷ்டம். கட்டத்தின் அளவை மாற்றினாலே விரிசல் விழும் நேரமும் மாறிப்போகும். அதனால்தான் நிஜ காரையும் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய 'பாரத் என்கேப்' சோதனையில் முன்பக்க மோதல் வேகம் அதே 64 கி.மீ.

இந்தக் கணக்கு எதிலும் உங்கள் பம்பர் கார்டு கிடையாது. அது நேராக சேஸியில் போல்ட் போட்டு மாட்டியிருந்தால், நசுங்கவேண்டிய பகுதியைத் தாண்டி அடி நேரே உள்ளே போகும். ஏர்பேக் சென்சாரும் தவறாகப் புரிந்துகொள்ளலாம். குறுக்கே வரும் குழந்தைக்கோ அந்தக் கம்பி தலை உயரத்தில் இருக்கும். 2017 டிசம்பரிலேயே இதன்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு மத்திய அரசு கடிதம் அனுப்பிவிட்டது.

இன்னொண்ணு. விபத்துக்குப் பிறகு, 'மடங்கின சேஸியை டிங்கரிங்ல நிமிர்த்தித் தர்றோம்' என்று ஒர்க் ஷாப்பில் சொன்னால், தலையாட்டிவிடாதீர்கள். ஒருமுறை மடங்கிய தகடு அடுத்தமுறை அதே மாதிரி மடங்காது. செலவானாலும் புதுசு போடச் சொல்லுங்க.