பூமியின் நாடி பார்க்கும் நிலையம்

பூகம்பம் இமயமலைப் பக்கத்தாருக்கு நேரும் துன்பம். திண்டுக்கல் சமவெளியில் வாழும் நமக்கு அதைப்பற்றி என்ன கவலை என்று அங்கத்தினர் பலர் எண்ணக்கூடும். 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூர்ப் பக்கத்தில் தோன்றிய நிலநடுக்கத்தின் அளவு ஏறக்குறைய 6 ஆகும். தென்னிந்தியாவில் வெகுதூரம் வரை அது உணரப்பட்டது. 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி, மகாராஷ்டிரத்தின் கில்லாரி வட்டாரத்தில் பின்னிரவில் உறங்கிக்கொண்டிருந்த மக்களில் 7,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதுவும் நம்முடையதைப் போன்ற தீபகற்ப நிலமே. ஆகவே அபாயம் இங்கே குறைவு எனலாமேயன்றி, இல்லவே இல்லை என்பதற்கில்லை.

நம் நாட்டில் நிலத்தின் அசைவைக் கண்காணித்து வருவது தேசிய நிலநடுக்கவியல் மையம். புவி அறிவியல் அமைச்சகத்தைச் சேர்ந்த இம்மையம் 2014-இல் தனியாக அமைக்கப்பட்டது. ஆயினும் அதன் பணி பழமையானது. 1897-இல் அஸ்ஸாமில் நேர்ந்த பெரும் பூகம்பத்திற்குப் பின், 1898-இல் கல்கத்தாவை அடுத்த அலிப்பூரில் முதல் நிலையம் தொடங்கப்பெற்றது. 1898–99-இல் பம்பாயிலும், நம் மாவட்டத்து மலையாகிய கொடைக்கானலிலும் நிலையங்கள் ஏற்பட்டன. இன்று நாடெங்கும் 150-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இரவு பகலாக நிலத்தின் நாடியைப் பார்த்து வருகின்றன.

தொலைவில் நேர்ந்த நடுக்கத்தின் இடத்தை இவை எவ்வாறு அறிகின்றன? மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு மழை எவ்வளவு தூரத்தில் பெய்கிறதென்று உழவர் கணிப்பதுண்டு. இதுவும் அத்தகையதே. நடுக்கத்திலிருந்து இருவகை அலைகள் புறப்படுகின்றன. பாறையினூடே முந்தியது விநாடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் வேகத்திலும், பிந்தியது 3.5 கிலோமீட்டர் வேகத்திலும் வருகின்றன. இரண்டிற்கும் இடையேயுள்ள நேரத்தைக் கொண்டு தூரம் தெரியும். மூன்று நிலையங்களின் கணக்கை ஒப்பிட்டால் இடமும் தெரிந்துவிடும். அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 32 மடங்காகிறது.

இம்மையம் நடந்ததை விரைவில் அறிவிக்கும்; நடக்கப்போவதை நாள் குறித்துச் சொல்லாது. அவ்வாறு சொல்லும் வித்தை உலகில் எவரிடமும் இல்லை. "இன்றிரவு பூகம்பம் வரும்" என்று எவரேனும் செய்தி பரப்பினால் அங்கத்தினர் அதனை நம்பவேண்டியதில்லை. உண்மைச் செய்தியை அறிய மையத்தின் 'பூகம்ப்' என்னும் கைபேசிச் செயலி உதவும்.

அப்படியானால் நம்மைக் காப்பது எது? நம் சுவரே. கில்லாரியில் மக்களைக் கொன்றவை, மண் சாந்தில் கட்டிய கனத்த கற்சுவர்களும் அவற்றின்மேல் இருந்த மண் கூரைகளுமே. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி கச்சுப் பகுதியில் நேர்ந்த பூகம்பத்தில் நம்மைப் போன்ற நெசவாளர் பலரும் வீடிழந்தனர். வீட்டிலேயே தறி வைத்திருப்பவனுக்கு வீடு போனால் தொழிலும் போகும்.

ஆகவே, புதிதாக வீடோ தறிக்கூடமோ விளைபொருட் கிடங்கோ கட்டும் அங்கத்தினர் சில காரியங்களைக் கொத்தனாரிடம் கேட்டுப் பெறவேண்டும். கல்லையும் செங்கல்லையும் சிமெண்டுச் சாந்தில் கட்டுதல், வாசல் மட்டத்திற்கு மேல் எல்லாச் சுவர்களையும் சுற்றிக் கம்பியிட்ட கான்கிரீட் பட்டை விடாமல் ஓடச் செய்தல், கதவு சன்னல்களை மூலைக்கு ஒட்டி வைக்காதிருத்தல், கூரையைச் சுவரோடு இறுகப் பிணைத்தல் ஆகியவையே அவை. சுவர் எழும்பிய பின்னர் இவற்றைச் செய்வது கடினம், செலவும் மிகும். வாசக்கால் வைக்கும் நாளிலேயே கேட்டுவிடுவது நலம்.