இது யாருக்காக?

கண்டியில் தையலும் வடிவமைப்பும் படிக்கின்றேன். இறுதித் தவணையில் ஒரு செயற்திட்டம் தந்தார்கள். துணியால் ஒரு பொருள் செய்ய வேண்டும். கருப்பொருளை நாமே தெரிவுசெய்ய வேண்டும்.

தாமரை, மயில், பெரஹரா யானை என்று எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாருக்காக?" என்று கேட்டார். பதில் வரவில்லை.

அடுத்த கிழமை தும்பறைப் பாய் நெய்வதைப் பார்க்கப் போனேன். ஹண நாரில் யானையும் மானும் தறியிலேயே உருவாகின்றன. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கைவினை அது. அழகுதான். ஆனால் அது தலைமுறையாக அவர்கள் காத்துவந்த சொத்து. நான் இரவல் வாங்கலாமா?

நூலகத்தில் மினெற் டி சில்வாவைப் பற்றி வாசித்தேன். 1918இல் கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் அவர். 1950களில் கண்டி வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்துக்கு வரைபடம் கீறுமுன், அங்கே குடியிருக்கப் போகின்றவர்களிடம் வினாத்தாள் கொடுத்து அவர்களின் தேவைகளைக் கேட்டாராம்.

நானும் கேட்டேன். முல்லைத்தீவிலிருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, "இடம்பெயரேக்க எது இல்லாமல் கஷ்டப்பட்டனீங்கள்?" என்றேன்.

அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "பத்திரங்களை நனையாமல் வைக்க ஒண்டும் இருக்கேல்லை பிள்ளை. ஒரு கையில நீ, மற்றக் கையில பை" என்றார்.

2009இல் எனக்கு எட்டு வயது. நனைந்து கிழிந்த என் பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதி எடுக்க அம்மா எத்தனை நாள் அலைந்தார் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

விடுதியிலுள்ள சிங்களத் தோழியிடமும் கேட்டேன். அவளது வீடு மலைச்சரிவில். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அவளின் அம்மாவும் முதலில் தேடுவது அடையாள அட்டையையும் காணி உறுதியையுமாம்.

கருப்பொருள் கிடைத்துவிட்டது: 'நனையாத பை'. உள்ளே மழை அங்கித் துணி. பத்திரம் மடியாத அளவில் ஒரு அறை. இரு கைகளும் பிள்ளைக்கு இருக்கத் தோளின் குறுக்கே ஒரு பட்டி. முதல் பையில் தையல் துளைகளால் தண்ணீர் புகுந்தது. இரண்டாவதில் தையலின் மேல் மெழுகு தேய்த்தேன். வாளியால் நீரூற்றிப் பார்த்தேன். உள்ளே வைத்த கடதாசி நனையவில்லை.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைக்கும் இப்படியொரு செயற்திட்டம் வரலாம். நீங்களே சுயதொழிலுக்குப் பொருள் தேடலாம். முதலில் அழகைத் தேடாதீர்கள். இது யாருக்கு, அவருக்கு எது இல்லாமல் கஷ்டம் என்று கேளுங்கள். நாம் பட்ட கஷ்டத்திலும் மற்றவருக்கு உதவும் பொருளொன்று இருக்கும்.

முதலாவது பை இப்போது அம்மாவிடம் இருக்கிறது. அது கொஞ்சம் ஒழுகும். "பரவாயில்லை, இது நீ தைச்சது" என்கிறார். நனையாததை அடுத்த விடுமுறைக்குக் கொண்டுபோகப் போகின்றேன்.