துட்டி கேட்க ஆள் வராத சாவு

சாவு விழுந்த வீட்டுக்குப் போய் விசாரிப்பதை எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். சங்கரன்கோவிலில் ஜவுளிக் கடைக்காரர் வீடானாலும் தறி ஓட்டுகிறவர் வீடானாலும் முறை ஒன்றுதான். வந்தவர் உட்கார்ந்து சற்று நேரம் பேசாமல் இருப்பார். பிறகு "என்ன செஞ்சுச்சு?" என்பார். வீட்டார் முதலிலிருந்து சொல்வார்கள்: என்றைக்குக் காய்ச்சல் கண்டது, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், கடைசியாக என்ன சாப்பிட்டார். அடுத்து வருகிறவரும் அதையே கேட்பார். அதையே திரும்பச் சொல்வார்கள். பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வரும். புறப்படும்போது மட்டும் யாரும் "போய்ட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. எழுந்து போய்விட வேண்டும்.

வளர்த்த பூனை நோயில் செத்தால் இதில் ஒன்றும் நடக்காது. "பூனைதானே, வேற ஒண்ணு கொண்டாந்து வளத்தாப் போச்சு" என்பார்கள். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். கேட்கிறவருக்கோ, அழுவதற்குத் தனக்கு உரிமையே இல்லை என்று ஆகிவிடுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு அழ வேண்டியிருக்கிறது. அந்தத் துக்கம் ஏன் அவ்வளவு கனக்கிறது, அதை என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பூனை செவலை பதினோரு வயதில் சிறுநீரகம் கெட்டு இறந்தது. படித்ததோடு, பட்டதும் இதில் இருக்கிறது.

அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989-இல் ஒரு நூலில் இத்தகைய துக்கத்துக்கு ஒரு பெயர் கொடுத்தார். ஊரார் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். இழந்தவருக்கு இழப்பு உண்மையானது. ஆனால் சுற்றியிருப்பவர்கள் அதை இழப்பாக எண்ணுவதில்லை; அதனால் சடங்கு இல்லை, விடுப்பு இல்லை, விசாரிப்பும் இல்லை. விலங்குக்காக ஊரே அழுவது நமக்குப் புதிதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 நவம்பர் 30 அன்று புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி இறந்தபோது திரண்ட கூட்டத்தை எல்லோரும் பார்த்தோம். 2025 ஜனவரியில் நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி இறந்தபோது திருநெல்வேலியே போய் மாலை போட்டது. திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் பசு லட்சுமி 1948 ஜூன் 18-இல் இறந்தது. ஆசிரமத்துக்குள்ளேயே அதற்குச் சமாதி எழுப்பினார்கள். அதன் அருகில் ஒரு மான், ஒரு காகம், ஒரு நாய் ஆகியவற்றின் சமாதிகளும் இருக்கின்றன. காகத்துக்குச் சமாதி கட்டிய நாட்டில் பூனைக்காக அழ ஒருவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

பூனையின் இடம் பழையதும்கூட. சைப்ரஸ் தீவில் மனிதர் ஒருவரின் குழிக்குப் பக்கத்தில் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு கிடைத்தது. அதன் வயது சுமார் 9,500 ஆண்டுகள். எகிப்தில் வீட்டுப் பூனை இறந்தால் அந்த வீட்டில் எல்லோரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். அங்கே பூனைக்கும் துட்டி இருந்திருக்கிறது.

பூனை போன துக்கம் முதலில் உடம்பில்தான் தெரியும். விடியற்காலை பால் பாக்கெட் வெட்டும் சத்தத்துக்கு அது ஓடிவரும். நாமும் நம்மை அறியாமல் காலைக் கொஞ்சம் தள்ளி வைத்து நிற்போம், மிதித்துவிடக் கூடாதென்று. அது போன பிறகும் அந்தக் கால் தள்ளித்தான் நிற்கும். மாடிப்படியில் சத்தம் கேட்டதுபோல் இருக்கும். இரவில் கால்மாட்டில் அதன் கனம் இருப்பதுபோல் தோன்றும். புத்தி பிசகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பல வருஷம் பழகிய ஒன்றை மனம் தொடர்ந்து எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். துணையை இழந்தவர்களுக்கும் இப்படி நேர்வது வழக்கம். நோயாளியாக வைத்துப் பார்த்திருந்தால் இன்னும் கடினம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிரிஞ்சில் கஞ்சி, காலையும் மாலையும் மருந்து, மண் தட்டு மாற்றுவது என்று நாளே அதைச் சுற்றி நடந்திருக்கும். திடீரென்று கைக்கு வேலை இல்லை. நான் ஒரு வாரம் மூன்று மணி அலாரத்தை அணைக்காமலே வைத்திருந்தேன்.

துக்கத்தைவிட என்னை அதிகம் அரித்தது குற்ற உணர்வு. பலருக்கும் அப்படித்தான். "முன்னாலேயே பார்த்திருந்தால்" என்ற நினைப்பு தூங்கவிடாது. இதற்குப் பதில் பூனையின் உடம்பிலேயே இருக்கிறது. பூனை எலிக்கு எமன். ஆனால் நாய்க்கும் பெரிய மிருகத்துக்கும் அதுவே இரை. நோயைக் காட்டிக்கொண்டால் அடிபடும் என்பதால் மறைத்துப் பழகிய இனம் அது. சிறுநீரக நோயில் இன்னொன்றும் உண்டு: சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் தெளிவாக ஏறும். செவலை அடிக்கடி தண்ணீர் குடித்ததை நான் கோடை என்று நினைத்தேன். திருநெல்வேலிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் கூடையில் வைத்துக் கொண்டுபோய் ரத்தம் பார்த்தபோது, மீட்கக்கூடிய நிலை தாண்டிவிட்டிருந்தது. கெட்டுப்போன சிறுநீரகத்தை மருந்து திரும்பக் கொண்டுவராது. நீரேற்றி, வாந்தியை அடக்கி, இருக்கும் நாளை நோவில்லாமல் வைக்கலாம். அந்த நாள்களைக் கொடுத்தவர்கள் தங்களைக் கொலைகாரர்களாக நினைக்கிறார்கள். அது சரியில்லை.

குட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் வேறு நோய். பூனைப் பார்வோ வைரஸ் ரத்தத்தின் வெள்ளையணுக்களை அழிக்கும். காய்ச்சல், வாந்தி, பேதி என்று இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். "நேத்து வரைக்கும் விளையாடிட்டிருந்துச்சே" என்று வீடு திகைத்து நிற்கும். நேற்று வரை விளையாடியது உண்மைதான். அந்த நோயின் வேகம் அப்படி.

மெய்யாகவே தவறு செய்தவர்களும் உண்டு. காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துவிடுகிறார்கள். அதை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு கிடையாது. பாதி மாத்திரைகூடக் கொல்லும். தெரியாமல் அன்பில் செய்தது என்றாலும் வலி போகாது, போகும் என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் அதை நாலு வீட்டில் சொல்லிவைக்கலாம். பூனை வளர்க்கும் பல வீடுகளுக்கு இன்னும் அது தெரியாது.

ஊசி போட்டு நோவை முடித்தவர்களின் கேள்வி தனி. மருத்துவர் முதலில் மயங்கவைக்கிறார். பிறகு மயக்க மருந்தை மிக அதிக அளவில் ஏற்றுகிறார். நினைவு போன பிறகே மூச்சு நிற்கும். கண் மூடாமல் இருப்பதைப் பார்த்து, விழித்திருந்து வேதனைப்பட்டதோ என்று பலர் வருஷக்கணக்கில் மறுகுகிறார்கள். பூனையின் கண் இறந்த பிறகு திறந்தே இருப்பது இயல்பு.

அடக்கம் செய்வது பற்றிச் சுருக்கமாக: பழைய சேலையில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். மூன்றடிக்குக் குறையாத குழி, கிணற்றுக்குத் தள்ளி. ஊசி போட்ட உடம்பில் மருந்து தங்கியிருக்கும். நாய் தோண்டித் தின்றால் அதுவும் சாகும். ஆகவே மேலே கல் வையுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் "தூங்குது" என்றோ "ஊருக்குப் போயிருக்கு" என்றோ சொல்லாதீர்கள். தூங்கவே பயப்படும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். "செத்துப் போச்சு, இனி வராது" என்பது கேட்கக் கொடுமையாக இருந்தாலும் பிள்ளைக்குப் புரியும். இன்னொரு வார்த்தையிலும் கவனம் வேண்டும். "நம்ம வீட்டுக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கிட்டுப் போச்சு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அது பிடித்த ஆறுதல். ஆனால் கேட்கும் பிள்ளை தன்னால்தான் பூனை செத்தது என்று எடுத்துக்கொள்ளும்.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் அதையும் பாருங்கள். அமெரிக்காவின் ஓக்லாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கூட இருந்த விலங்கு இறந்தபின் பூனைகள் குறைவாகத் தின்றதாகவும் விளையாட்டைக் குறைத்ததாகவும் வளர்ப்பவர்கள் கூறியிருக்கிறார்கள். நம் துக்கத்தை நாமே அதன் மேல் ஏற்றிப் பார்க்கவும் கூடும். எதுவானாலும், ஒரு நாளுக்கு மேல் தின்னாத பூனையை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

புதுக் குட்டி எப்போது? நாள் கணக்கு எதுவும் இல்லை. உங்கள் மனம் கேட்கும்போது கொண்டுவரலாம். பழையதற்குத் துரோகம் ஆகாது. பார்வோவில் இறந்த வீட்டில் மட்டும் அவசரம் வேண்டாம். அந்த வைரஸ் வீட்டுக்குள் ஓராண்டு வரைகூட உயிரோடு கிடக்கும். தரையையும் தட்டையும் பிளீச்சிங் கரைசலால் கழுவி, தடுப்பூசி முடிந்த பூனையையே உள்ளே விட வேண்டும். வாரக்கணக்கில் சோறு இறங்காமல், தூக்கம் வராமல், தானும் போய்விடலாம் என்று நினைப்பு வந்தால் 14416-க்குப் பேசுங்கள். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள். பூனைக்காகவா என்று தயங்காதீர்கள்.

மற்றபடி நான் சொல்லக்கூடிய வழி நம் ஊர் வழிதான்: துட்டி. முழுக் கதையையும் கேட்க ஒருவர் வேண்டும். "வேறு பூனை" என்று பேச்சை முடிக்காமல், "என்ன செஞ்சுச்சு?" என்று தொடங்குகிறவர் வேண்டும். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் பூனை செத்தால் அந்த ஒருவராக நீங்கள் போங்கள். அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

செவலை போன மூன்றாம் நாள் எதிர்வீட்டு ஆச்சி வந்தாள். தறிச் சத்தம் ஓய்ந்திருந்த மத்தியான நேரம். கையில் தூக்குச்சட்டியில் கருப்பட்டிக் காப்பி. திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்தபடி சும்மா இருந்தாள். பிறகு, "செவலைக்கு என்னட்டி செஞ்சுச்சு?" என்றாள்.

அது தண்ணீர் குடிக்கத் தொடங்கியதிலிருந்து சொன்னேன். திருநெல்வேலிக்குப் போன பஸ்ஸில் கூடைக்குள்ளிருந்து ஒரே ஒரு தடவை கத்தியதைச் சொன்னேன். எங்கள் ஊர்க் கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணை அதன் நெற்றியில் பூசியதைச் சொன்னேன். கடைசி நாள் மோர் மட்டும் இரண்டு தடவை நக்கியதைச் சொன்னபோது ஆச்சி, "மோரு குடிச்சுச்சா" என்றாள். ஆமாம் என்றேன். காப்பி ஆறிப்போயிருந்தது, அதையே இருவரும் குடித்தோம்.

ஆச்சி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எப்போதும் வாசல் தாண்டும்வரை நாலு தடவை "வாரேன்ட்டி" சொல்கிறவள். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல், தெருவில் இறங்கிப் போனாள்.