மலை இங்கே, சத்தம் லண்டனில்

இரத்தினபுரிப் பக்கமாகப் பலாபத்தல வழியில் சிவனொளிபாத மலை ஏறியவர்களின் கால்களுக்கு அந்தப் படிகள் மறக்காது. அந்த மலைக்கு ஏறும் யாத்திரிகர்களை 1934இல் பசில் ரைட் படம் பிடித்தார். அப்போது அவருக்கு 26 வயது. ஆவணப்படம் என்ற கலைக்கு வழிகாட்டிய ஜோன் கிரியர்சனின் சீடர். இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்குக் குறும்படங்கள் எடுக்கத்தான் அவர் வந்தார். அவை சுமார் 40 நிமிட ஒரே படமாக வளர்ந்தன. அதுதான் ‘சோங் ஒஃப் சிலோன்’. 1935இல் பிரஸ்ஸல்ஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது.

ரைட் இங்கிருந்து படச்சுருளில் கொண்டுபோனது வெறும் காட்சி மட்டுமே. சத்தம் முழுவதும் லண்டன் பிளாக்ஹீத் ஸ்டூடியோவில் உருவானது. வோல்டர் லீ இசையமைத்தார். இலங்கை பற்றி 1681இல் வெளிவந்த ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்து எடுத்த வரிகளைக் கொழும்புக்காரரான லயனல் வென்ட் வாசித்தார்.

இது எப்படிச் சாத்தியம்? அந்தக் காலப் படச்சுருளின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அதுதான் ஒலி. விளக்கொளி அந்தக் கோட்டினூடே போகும்போது கூடிக் குறையும். ஒளிமின்கலம் அதை மின்சாரமாக்க, ஒலிபெருக்கி பேசும். ஒரு நொடிக்கு 24 படங்கள் விளக்கின் முன் ஒவ்வொன்றாக நின்று நின்றுதான் நகர வேண்டும். ஒலியோ ஒரு கணமும் நிற்கக் கூடாது, நின்றால் உடைந்துவிடும். அதனால் ஒரே சுருளில் ஒலிக்கு இடம் வேறு, படத்துக்கு இடம் வேறு. எனக்கு இதில் தீராத வியப்பு: பார்ப்பதும் கேட்பதும் பிரிந்தே பிறந்து, நம் தலைக்குள்தான் சேர்கின்றன.

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் திரை கட்டிப் படம் போடுவார்கள். ஒலிபெருக்கி பக்கத்து மரத்தில் தொங்கும். பேச்சோ கதாநாயகன் வாயிலிருந்துதான் வரும். ஒரே நேரத்தில் கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் ஒரே நிகழ்வாகக் கட்டிவிடுவது மூளையின் பழக்கம். எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் காதைவிடக் கண்ணையே அது நம்புகிறது.

ரைட் அந்தப் பழக்கத்தையே கருவியாக்கினார். படத்தின் மூன்றாம் பகுதியில் பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். அந்தக் காட்சியின் மேல் சந்தை விலை சொல்லும் குரல்களும், கப்பல் அறிவிப்புகளும், தந்தியொலியும் வருகின்றன. மலைச்சரிவில் இருக்கும் கைக்குக் கடலுக்கு அப்பாலிருந்து ஒருவன் விலை சொல்வது நமக்கு அப்படியே புரிந்துவிடுகிறது. விளம்பரத்துக்குக் காசு கொடுத்த வியாபாரத்தின் குரலை இவ்வளவு வெளிப்படையாகக் கேட்கவைத்ததற்காகவே அவரை மதிக்கிறேன்.

ஆனால் அந்தப் பெண்களின் பேச்சு? காலையில் தேயிலை நிரைக்குப் போனால் கேட்கலாம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் ஒடியும்போது ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், கூடையில் கொழுந்து விழும் சரசரப்பு, அடுத்த நிரைக்காரியைக் கூப்பிடும் “ஏய் புள்ள!”. 1934இல் மலையிலிருந்து இவை எதுவும் லண்டனுக்குப் போகவில்லை.