கிறிஸ்துமஸ் தாத்தா உண்டா?

8 வயதுச் சிறுமி எழுதிய கடிதம்!

உலகெங்கும் குழந்தைகள் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். 1897-ல் ஒரு சிறுமி, பத்திரிகைக்கே எழுதிவிட்டாள்!

அவள் பெயர் வர்ஜீனியா. ஊர், அமெரிக்காவின் நியூயார்க் நகரம்.

"தாத்தாவாவது, ஒன்றாவது!" என்று சிநேகிதர்கள் கேலி செய்தார்கள். அப்பாவிடம் ஓடினாள். அவர் டாக்டர். அவரும் மழுப்பினார்.

"சன்" பத்திரிகையில் வந்தால் அது உண்மை என்பார் அப்பா. அதற்கே எழுதிக் கேட்டாள்.

பதில் வந்தது

செப்டம்பர் 21-ந் தேதி பதில் வெளிவந்தது. கண்ணில் படாததெல்லாம் பொய் அல்ல. அன்பைப் போலத் தாத்தாவும் உண்டு என்றது அது.

எழுதியவர் பிரான்சிஸ் சர்ச். போர்முனைச் செய்திகள் எழுதியவர். பிள்ளை இல்லாதவர்! 1906-ல் அவர் இறந்த பிறகே பெயர் வெளியே தெரிந்தது.

வர்ஜீனியா ஆசிரியை ஆனார். அவருக்கும் கடிதங்கள் குவிந்தன. அந்தப் பதிலின் பிரதியை வைத்துப் பதில் அனுப்பினார். 1971-ல், 81-வது வயதில் காலமானார்.