கிரக நிலை காட்டும் சிறு திரை: ஜாதகமல்ல, கணக்கு

'கிரக நிலை' என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். நாம் அறிந்த கல்லூரி மாணவர் ஒருவர் கோள்களின் இருப்பிடத்தைக் காட்டும் சிறு மின்திரையைச் செய்து சுவரில் மாட்டியபோது, அவருடைய தாயார் நம்மிடம் கேட்டது இதுதான்: "ஹஜ்ரத், இது கூடுமா?"

கூடும். நட்சத்திரத்தை வைத்து மனிதனின் தலைவிதியைச் சொல்வதுதான் ஜோதிடம். இந்தத் திரை யாருடைய விதியையும் சொல்வதில்லை.

ஈஎஸ்பி32 என்ற சிறு பலகை, ஈ-பேப்பர் திரை, ஒரு பேட்டரி, இவ்வளவுதான் கருவி. நாளுக்கொரு முறை பலகை விழித்து, வைஃபை வழியாகச் சரியான நேரத்தைப் பெற்று, கணக்கிட்டு, படத்தை மாற்றிவிட்டுத் தூங்கிவிடும். ஈ-பேப்பரில் படம் மாறும்போது மட்டுமே மின்சாரம் செலவாகும். நாளுக்கு ஒரு முறை போதுமா? வேகமான புதனே ஒரு நாளில் சராசரியாக 4 பாகைதான் நகர்கிறது. சனி ஒரு பாகை கடக்க ஏறத்தாழ ஒரு மாதமாகும்.

2000 ஜனவரி 1 நண்பகலில் ஒவ்வொரு கோளும் எங்கிருந்தது என்பதற்குப் பட்டியல் உண்டு. அன்று முதல் கடந்த நாட்களைக் கோளின் தினசரி சராசரி நகர்வால் பெருக்கிக் கூட்டினால் உத்தேச இடம் கிடைக்கும். ஆனால் கோள்கள் சூரியனுக்கு அருகில் விரைந்தும் தொலைவில் மெதுவாகவும் செல்வதால் ஒரு திருத்தம் தேவை. வெள்ளிக்கு அது ஒரு பாகைகூட வராது. செவ்வாய்க்கோ 10 பாகையைத் தாண்டும்.

முதலில் சராசரி, பிறகு திருத்தம் என்ற இந்த வழி கெப்ளருக்கும் முந்தையது. 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணித்துவந்த இப்னுஷ் ஷாதிர், பூமியை நடுவில் வைத்தே என்றாலும், தம் 'ஸீஜ்' அட்டவணையில் இதே வரிசையைத்தான் பின்பற்றினார். (மத்ரஸாவில் அவர் பெயரை நாம் கேட்டதேயில்லை. கல்லூரிக்குப் போன பிறகே அறிந்தோம்.)

மாணவரின் முதல் திரையில் செவ்வாய் தாறுமாறாகத் திரிந்தது. சைன் கணக்குக்கு ரேடியனில் கொடுக்கவேண்டிய கோணத்தை அவர் பாகையிலேயே கொடுத்திருந்தார். அதைச் சரிசெய்த பிறகும் மொட்டைமாடியில் தெரிந்த வியாழன் திரையோடு ஒத்துவரவில்லை. இது பிழையல்ல. திரை சூரியனை நடுவில் வைத்துக் காட்டுகிறது, நாமோ பூமியிலிருந்து பார்க்கிறோம். பூமியின் இடத்தைக் கழித்தபின் இரண்டும் பொருந்தின.

இப்போது தாயாரின் கேள்வி மாறிவிட்டது: "இதிலேயே மஃரிப் நேரமும் வருமா?" வரும். பூமியின் இடத்தைத் திருப்பிப் பார்த்தால் அதுவே சூரியனின் திசை. ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் சேர்த்தால் போதும். மாணவர் அந்த வேலையில்தான் இருக்கிறார்.